முந்நூற்று நாற்பத்திரண்டு சடை

கலஹா
20.01.2025

சர்மிளா அறிவது,

இங்கே அம்மா, அத்தான், நான் எல்லோரும் இருக்கிறோம். தங்கச்சியின் சுகத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரித்துவிட்டேன்.

போனில் உன்னை புளொக் பண்ணியிருப்பதைப் பார்த்திருப்பாய். அதை எடுக்கப் போவதில்லை. போனில் நீ கத்துவாய், நான் கத்துவேன், பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர்களுக்கு அது ஓசி நாடகம். கடிதத்தில் கத்த முடியாது, அதுதான் எழுதுகிறேன்.

பொங்கலன்று உன்னை வாசலோடு திருப்பி அனுப்பியதற்கு நான் வருத்தப்படவில்லை. மூன்றரை மாதம் கழித்து வருகிறாய். கையில் கேக் பெட்டி. தலையில் நூல் நூலாகச் சடை. பானை பொங்குகிற நேரம் பார்த்து நீ வந்து நின்றாய். லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு உன்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பொங்கல் அடி பிடித்துவிட்டது, அது உனக்குத் தெரியாது.

நம்ம பக்கத்தில் சடை இரண்டு பேருக்குத்தான். அம்மன் இறங்கித் தானாக விழுந்தவளுக்கு. இல்லாவிட்டால், தலை சீவிவிட ஆளில்லாமல் கிடக்கிறவளுக்கு. நீ இதில் எந்த வகை?

அம்மா பாரிசவாதம் வந்து படுத்து ஒன்றரை வருஷம். பேச்சு இல்லை, வலது கை இல்லை, மிச்சம் இருப்பது கண் மட்டும்தான். அந்தக் கண்ணால் உன் தலையைப் பார்த்து அவள் நோக வேண்டாம். அதை எடுத்துவிட்டு வா. எடுக்கிற வரைக்கும் இந்த வீட்டுப் படியில் கால் வைக்காதே.

இப்படிக்கு,
அக்கா சுகிர்தா


கட்டுகஸ்தோட்டை
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

'அன்புள்ள' என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அடித்தால் கடதாசி அசிங்கமாகும், கிடக்கட்டும். நான் சுகம். 'இருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறாய், அது என்ன சுகம்? அம்மா சாப்பிடுகிறாளா, முதுகுப் புண் ஆறிவிட்டதா என்று ஒரு வரி எழுதியிருந்தால் உன் பேனா தேய்ந்து போயிருக்காது.

என் தலையில் இருப்பதற்கு லொக்ஸ் என்று பெயர். விரல் தடிப்பிலும் போடுவார்கள். நான் தேர்ந்தெடுத்தது ஆகச் சின்னது, ஒன்று தீக்குச்சித் தடிப்புக்கூட வராது. பெரியது பாரமாக இழுக்கும், கொண்டை போட முடியாது. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களும் என் முகத்தை விட்டுவிட்டுத் தலையைத்தான் பார்ப்பார்கள். சின்னதைப் பின்னலாம், கட்டலாம், விரித்துவிடலாம், சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். சீவ மட்டும் தேவையில்லை. எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

மடவளையில் ஆஸிகா என்று ஒருத்தி செய்கிறாள். கட்டாரில் சலூனில் வேலை செய்தபோது கென்யாக்காரப் பெண் ஒருத்தியிடம் படித்தவள். பசை இல்லை, மெழுகு இல்லை. ஒரு சின்னக் கொக்கியால் ஒவ்வொரு பிடி முடியையும் அதன் வேருக்குள்ளேயே கோத்துக் கோத்து இழுக்கிறாள். மொத்தம் முந்நூற்று நாற்பத்திரண்டு. மூன்று ஞாயிறு, ஒரு ஞாயிறுக்கு எட்டு மணித்தியாலம் அவள் வீட்டுக் கதிரையில் இருந்தேன்.

உனக்கு நேர் முடி, உனக்கு விளங்காது. சின்ன வயதில் நீ என் காலில் ஏறி உட்காருவாய், அம்மா என் சுருட்டையில் சிக்கெடுப்பாள். "குருவிக்கூட்டுக்குப் பொறந்தவ" என்று சொல்லிச் சிரிப்பாய். இருபத்தாறு வயதில், பெண் பார்க்க வருகிறார்கள் என்று நீதான் என்னை இழுத்துக்கொண்டு போய் முடியை நேராக்க வைத்தாய். உச்சி வெந்தது. மாப்பிள்ளையும் நிற்கவில்லை, முடியும் நிற்கவில்லை. முப்பத்து நான்கு வயதில் இப்போதுதான் முதல் தடவையாக என் தலை எனக்கு வலிக்காமல் இருக்கிறது.

எடுக்க மாட்டேன். வந்து கதவைத் தள்ள எனக்கும் தெரியும். அம்மாவின் கண் முன்னால் அது வேண்டாம் என்றுதான் பேசாமல் இருக்கிறேன். என்னை எப்போது உள்ளே விடுவாய் என்று எழுது.

உன் தங்கச்சி,
சர்மிளா


கலஹா
12.02.2025

சர்மிளா அறிவது,

அம்மா சாப்பிடுகிறாள். கஞ்சி, பப்பாளிப் பழம், சில நாள் முட்டை. புண் ஆறிவிட்டது. ஆற்றியது யார் என்று நீ கேட்கவில்லை.

எந்த மூன்று ஞாயிறு?

அம்மா விழுந்தபோது நாம் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பீத்துணி கழுவுவது என் வேலை. பகலெல்லாம் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் இருபது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வந்து அதைச் செய்கிறேன். உனக்கு ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னுவது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, சரியாகச் செய்ய ஒரு மணித்தியாலம் வேண்டும். "தல என் மொற" என்று நீயாகத்தான் கேட்டு எடுத்தாய். நான் எழுதித் தரவில்லை.

ஒக்டோபரில் நீ அனுப்பிய மெசேஜ் இன்னும் என் போனில் கிடக்கிறது. 'கடையில் ஸ்டொக் எடுக்கிறோம், மூன்று வாரம் வர முடியாது' என்று இருக்கிறது. எதையும் அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பதில் எழுது.

சுகிர்தா


கட்டுகஸ்தோட்டை
27.02.2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். தடிமன் மட்டும் பிடித்து மூக்கு ஒழுகுகிறது. அம்மாவின் புண் ஆறியது சந்தோஷம். ஆற்றியது நீ. எழுத்தில் கேட்டாய், எழுத்தில் தந்துவிட்டேன்.

கடையில் வேலை கூடுதல். முதலாளி நஸீப் நானாவிடம் என் தலையைப் பற்றி ஒரு சிங்களப் பெண் முறைப்பாடு செய்திருக்கிறாள். "தலையப் பாக்க வர்றவங்களுக்கு நான் கண்ணாடி விக்கிறதில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்குறணைக்காரர், என் சொந்தமும் இல்லை, சாதியும் இல்லை. சொந்தம் கதவைப் பூட்டுகிறது.

இத்தோடு ஒரு பார்சல் வரும். நல்லெண்ணெய் ஒரு போத்தல், அகலப் பல் சீப்பு ஒன்று. அம்மாவுக்குச் சீவும்போது நுனியிலிருந்து தொடங்கி மேலே போ. உச்சியிலிருந்து இழுத்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நித்திரை என்று நினைக்காதே, நோகிறது என்று அர்த்தம்.

சித்திரை வருஷத்துக்காவது என்னை உள்ளே விடு. தலையில் துணி கட்டிக்கொண்டு வருகிறேன். இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது.

சர்மிளா


கலஹா
10.03.2025

சர்மிளா அறிவது,

எண்ணெயை எடுத்துக்கொண்டேன், அம்மாவின் முதுகுக்கு ஆகும். சீப்பைத் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவுக்குச் சீப்பு தேவையில்லை. இனிமேல் அனுப்பாதே.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பரவாயில்லை, பதில் சொல்லாதவர்களிடமிருந்தும் பதில் வந்துவிடும்.

நாங்கள் சுகம் என்று எழுத ஆசைதான். அத்தான் கோயில் மடப்பள்ளியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் காற்றுக்குக் கூரையில் இரண்டு தகரம் பறந்தது. எனக்கு நெஞ்சு படபடப்பு, டவுன் டொக்டர் ஒன்றுமில்லை என்கிறார். கடைசியில் போய்க் குறி கேட்டேன். "அம்மனுக்குச் சேர வேண்டியது ஒன்னு ஒங்க குடும்பத்துல நிக்குது. அத வச்சிக்கிட்டு எப்படி நிம்மதியா இருப்பீங்க?" என்று கேட்டாள் குறிக்காரி.

அது உன் தலைதான். வேறு என்ன இருக்கப் போகிறது.

தலையில் துணி கட்டிக்கொண்டு வர வேண்டாம். துணிக்குள் இருப்பது எனக்குத் தெரியும்.

சுகிர்தா


கட்டுகஸ்தோட்டை
23.03.2025

அக்கா,

அத்தானின் கை எப்படி? உன் படபடப்புக்கு ஈசிஜி எடுத்தாயா? குறிக்காரிக்குக் கொடுத்த நேரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடு.

சீப்பு வந்து சேர்ந்தது. இருநூறு ரூபாய்ச் சீப்பைக்கூட என் கையால் வந்தது என்று தொட மாட்டாய், இல்லையா. அம்மாவின் தலையில் என் சீப்புப் பட்டால் தீட்டோ?

ஒரு சிரிப்புக் கதை சொல்கிறேன், உன்னைச் சிரிக்க வைக்க இல்லை. உங்கள் கோயில் கமிட்டி வீரய்யா மாமா நேற்றுக் கடைக்கு வந்தார், கண்ணாடி மாற்ற. என்னைக் கண்டதும் அவர் கை தானாகக் குவிந்து மேலே போய்விட்டது.

"ரத்தினம்மா சின்ன மகதானே நீ. இது எப்ப விழுந்துச்சு?"

"விழல மாமா, போட்டேன். மடவளையில போட்டேன்."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. ஆத்தா வந்த புள்ளைங்க ஒத்துக்கவே மாட்டாங்க."

ஆஸிகாவின் போன் நம்பரைக் காட்டினேன். கொக்கியின் படத்தைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, போகும்போது என் காலைத் தொட வந்தார். எழுபது வயது மனுஷன். நஸீப் நானா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து, "தங்கச்சி, இனிக் கண்ணாடியோட திருநீறும் குடுக்க வேண்டி வருமோ" என்றார்.

அம்மாவுக்கு இதைச் சொல். கண்ணால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆறு மாதமாகிறது.

சர்மிளா


கலஹா
05.04.2025

அன்புள்ள தங்கச்சி சர்மிளாவுக்கு,

நாங்கள் சுகம். உன் தடிமன் இப்போது எப்படி? மல்லி அவித்துக் குடி.

வீரய்யா மாமா இங்கே வந்து சொன்னதிலிருந்து மேல் லயம், கீழ் லயம் எல்லாம் ஒரே பேச்சு. பொங்கலன்று உன்னைப் பார்த்துக் காறித் துப்பியவர்கள், "அன்னைக்கே எனக்குத் தெரியும், அந்தப் புள்ள மொகத்துல ஒரு களை" என்கிறார்கள். கமிட்டிக் கூட்டத்தில் அத்தானுக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருக்கிறார்கள். பத்து வருஷமாகப் பின்னால் நின்ற மனுஷன்.

சித்திரா பௌர்ணமிக்குத் திருவிழா. நீ வா. மஞ்சள் சீலை நான் வாங்கி வைக்கிறேன். அம்மன் முன்னால் வைத்துப் பூசாரி உன் சடையை முறைப்படி இறக்குவார். ஒரு சடைகூடக் கீழே விழாமல் நானே தாம்பாளத்தில் ஏந்திக் காணிக்கையாகச் சேர்த்துவிடுகிறேன். தாம்பாளத்தை வேறு யாரும் பிடிக்கக்கூடாது, அதைக் கமிட்டியில் சொல்லிவிட்டேன். எல்லாக் கஷ்டமும் அன்றோடு போகும். அன்றைக்கே வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்க்கலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம்.

அந்த மடவளைக் கதை மட்டும் வேண்டாம். தானாக விழுந்தது என்று சொல். ஒரு வார்த்தை.

பாசமுள்ள அக்கா,
சுகிர்தா


கட்டுகஸ்தோட்டை
20.04.2025

அக்கா,

'அன்புள்ள', 'பாசமுள்ள' இரண்டையும் ஒரே கடிதத்தில் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. காரியம் இல்லாமல் நீ இப்படி எழுத மாட்டாய்.

ஜனவரியில் என் தலை தீட்டு. ஏப்ரலில் சாமி. இடையில் ஒரு நாளாவது அது என் தலையாக உனக்குத் தெரியவில்லை. தானாக விழவில்லை. நான் யோசித்தேன், தேர்ந்தெடுத்தேன், உட்கார்ந்து செய்துகொண்டேன். அதை அம்மனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் செய்தது என்று சொல்லத்தான் இத்தனை பேச்சுக் கேட்டேன்.

இனி வேறொரு விஷயம். வீரய்யா மாமா கண்ணாடியை எடுக்க வந்தார். பேச்சோடு பேச்சாக, "அம்மாவுக்கும் மொட்ட போட்டு நேர்த்தி முடிச்சாச்சு, இப்ப ஒனக்கும் எறங்கிருச்சு, குடும்பமே குடுத்து வச்ச குடும்பம்" என்றார்.

அவருடைய கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டேன்.

எந்தக் கோயில்? எந்தத் திகதி? நடக்க முடியாதவளை யார் தூக்கிக்கொண்டு போனது? என்னிடம் ஏன் சொல்லவில்லை? சீப்பு தேவையில்லை என்று நீ எழுதியதை நான்தான் வேறு மாதிரி வாசித்திருக்கிறேன்.

திருவிழாவுக்கு வர மாட்டேன். இந்த நாலு கேள்விக்கும் பதில் வரட்டும்.

சர்மிளா


கட்டுகஸ்தோட்டை
30.05.2025

அக்கா,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. திருவிழாவும் முடிந்துவிட்டது. அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதை வீரய்யா மாமாவின் மருமகளிடம் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஊரார் வாயில் என் அம்மாவின் சுகம்.

சரி, முதலில் நான் சொல்கிறேன். ஒக்டோபர் 6, 13, 20. அந்த மூன்று ஞாயிறுதான். கடையில் ஸ்டொக் எடுக்கவில்லை, நான் பொய் சொன்னேன். தலை செய்யப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் விடிய விடிய மெசேஜ் போட்டுத் தடுத்திருப்பாய். நானும் வழக்கம்போல அடங்கிப் போயிருப்பேன்.

27ஆம் திகதி வந்திருக்கலாம். அன்றைக்குக் காய்ச்சல் என்று எழுதினேன், அதுவும் பொய். அதற்குப் பிறகு வந்த ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் வைத்திருந்தேன். இரண்டு தரம் கலஹா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் எடுக்க முன்னால் இறங்கிவிட்டேன். உன் வாய்க்குப் பயம். முப்பத்து நான்கு வயதில் அக்காவின் வாய்க்குப் பயந்து அம்மாவைப் பார்க்காமல் இருந்தவள் நான்.

என் பதில் இதுதான். இனி உன்னுடையது.

சர்மிளா


கலஹா
22.06.2025

சர்மிளா அறிவது,

எந்தக் கோயிலும் இல்லை. நேர்த்தியும் இல்லை. லயத்தில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பொய் அது. அம்மாவின் தலையை வெட்டியது நான்.

முதல் ஞாயிறு நீ வரவில்லை. நான் சீவவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அவள் முறை, அவளே வந்து பார்க்கட்டும் என்று விட்டேன். இரண்டாம் வாரம் பின்பக்கமெல்லாம் சிக்கு. மூன்றாம் வாரம் சீப்பு இறங்கவில்லை. நவம்பர் முடியும்போது தலையணையில் அழுத்துகிற இடம் முழுக்க ஒரே கட்டி, பிடரியில் ஒரு சாண் நீளத்துக்குச் சடை. உள்ளே புண் வைத்து வாடை. அம்மா பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நித்திரை என்று நினைத்தேன். பெப்ரவரியில் நீ எழுதித்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது.

டிசம்பர் முதலாம் திகதி. அதுவும் ஞாயிறு. அன்றைக்காவது வருவாய் என்று தண்ணீர் சுட வைத்துக் காத்திருந்தேன். தண்ணீர் ஆறிப்போனது. பிள்ளை மடுவத்தில் கடதாசி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்ட வெட்ட அம்மா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

தானாக விழுந்த சடை. பூசாரி இல்லாமல், பூசை இல்லாமல் கை வைக்கக்கூடாதது. வெட்டிய பிறகுதான் அது உறைத்தது. எரிக்கவும் பயம், ஆற்றில் விடவும் பயம். மஞ்சள் துண்டில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். அத்தானுக்குக்கூடத் தெரியாது. உன் சடையை இறக்கும்போது அதையும் தாம்பாளத்தில் அடியில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். முந்நூற்று நாற்பத்திரண்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

பொங்கலன்று நான் கதவை மறித்தது உன் தலைக்காக இல்லை. அம்மாவின் தலையை நீ பார்த்துவிடுவாய் என்று. உன் தலை எனக்கு நல்ல சாட்டாக வந்து நின்றது.

எல்லாம் சொல்லிவிட்டேன். இனி நீ கேள். உன் தலைக்கு இருபத்து நான்கு மணித்தியாலம் ஒரு கதிரையில் இருந்தாய். அதில் ஒரு மணித்தியாலம் இங்கே வந்திருந்தால் அம்மாவுக்குச் சடை விழுந்திருக்காது. நான் சீவியிருந்தாலும் விழுந்திருக்காது. அதை நீ எழுத முன்னால் நானே எழுதிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை உனக்குத் தர மாட்டேன்.

சுகிர்தா


கட்டுகஸ்தோட்டை
03.07.2025

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். ஒன்றில் என்னை. மூன்றாவதில் அழுதிருந்தேன், அதை உனக்கு அனுப்புவேன் என்று நினைக்காதே.

நீ கத்தரிக்கோல் எடுத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. புண் வந்த தலையை வெட்டத்தான் வேண்டும். அம்மனுக்கும் அது தெரியும், உன் குறிக்காரிக்குத்தான் தெரியாது. என் மீதுள்ள வஞ்சத்துக்கு அம்மாவின் தலையைச் சீவாமல் விட்டாயே, அதை நான் மறக்க மாட்டேன். நான் உன் வாய்க்குப் பயந்து அவளை அப்படியே விட்டதை நீயும் மறக்காதே. மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன்.

13ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பத்தே கால் பஸ்ஸில். தலை இப்படியேதான் வரும், முந்நூற்று நாற்பத்திரண்டும். அம்மனுக்கும் ஒன்று இல்லை, உனக்கும் ஒன்று இல்லை. யாராவது காலில் விழ வந்தால் மடவளைக்குப் போகச் சொல்வேன்.

அலுமாரிக்கு மேலே இருக்கிற பொட்டலத்தை இறக்கி வை. அதைக் கோயிலுக்கு நான் கொண்டு போகிறேன், எதற்கு அடியிலும் ஒளித்து வைக்காமல். யாருடையது என்று பூசாரி கேட்டால் அம்மாவுடையது என்று சொல்வேன். வெட்டியது யார் என்று கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் என்று சொல்வேன். நீ இல்லை என்று சொல்லக்கூடாது.

அம்மாவின் முடி இப்போது ஒரு விரல் நீளம் வளர்ந்திருக்கும். நீ திருப்பி அனுப்பிய சீப்பைக் கொண்டு வருகிறேன். என்னோடு நீ பேச வேண்டியதில்லை. தண்ணீர் மட்டும் சுட வைத்து வை.

சர்மிளா


கலஹா
09.07.2025

சர்மிளா அறிவது,

அம்மா சுகம். நீ வருவதாகச் சொன்னேன். கண்ணை மூடவில்லை.

பத்தே கால் பஸ் இப்போது இல்லை. சித்திரை வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். வந்து போகிறவர்களுக்கு அது தெரியும். எட்டரை பஸ்ஸைப் பிடி.

பொட்டலத்தை இறக்கி வைத்துவிட்டேன். பூசாரி கேட்டால் நான் ஒன்றும் மறுக்க மாட்டேன்.

ஒன்பதரைக்குத் தண்ணீர் வைப்பேன். ஆறினால் இரண்டாம் தரம் சுட வைக்க மாட்டேன்.

சுகிர்தா